இறங்குகலத்தின் இன்ஜின் தாரையும் நிலவு மண்ணும்: கேள்வி பதில்

செவ்வாய்க் கேள்விகளும் ஜாதகக் கேள்விகளும் வேண்டாம். மற்றபடி கேளுங்கள்.

நிலாப்பித்தன்: அப்பல்லோ 11 இறங்கிய இன்ஜினின் உந்துவிசை 45,000 நியூட்டன் என்கிறார்கள். அடியில் ஒரு பள்ளம்கூட விழவில்லையே?

அது உச்ச அளவு. கடைசி நொடிகளில் இன்ஜினை மட்டுப்படுத்தி, கலத்தின் எடையைத் தாங்கும் அளவுக்கே எரிப்பார்கள். அப்போது கலம் சுமார் 7 டன். நிலவின் ஈர்ப்பில் அதன் எடை 11,500 நியூட்டன்தான். நாசில் (வாயு வெளியேறும் கூம்புக்குழல்) வாயின் விட்டம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், பரப்பு 1.77 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: 6.5 கிலோபாஸ்கல் அழுத்தம். வெறுங்காலோடு நிற்கும் ஓர் ஆள் தரையை இதைவிட அதிகமாக அழுத்துவார்.

அடுத்தது, வெற்றிடம். சுற்றிலும் காற்று இல்லாததால் தாரை (இன்ஜினிலிருந்து பீறிடும் வாயு) குவியாமல் விசிறியாக விரிகிறது. மண்ணோ மேலே சில செ.மீ. மட்டுமே தளர்வு, ஒரு சாண் கீழே போனால் நன்றாக இறுகிக் கிடக்கும். அதனால் வாயு மண்ணைக் குடையாமல், மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டே வெளிப்பக்கம் ஓடி, மேல்மண்ணை வாரிச் செல்கிறது. பள்ளம் விழ வேண்டுமானால் அழுத்தம் மண்ணின் தாங்குதிறனை மீற வேண்டும், அல்லது வாயு மண்ணுக்குள் புகுந்து வெடித்துக் கிளம்ப வேண்டும். செவ்வாயில் நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் 2008இல் இறங்கியபோது அடியிலிருந்த பனிக்கட்டியே வெளியே தெரிந்தது. அங்கே மெல்லிய காற்று தாரையைக் குவிக்கிறது, இன்ஜின்களும் விட்டுவிட்டு அடித்தன. (செவ்வாய் வேண்டாம் என்று சொன்ன நானே பேசிவிட்டேன். இதோடு சரி.)

ஒரு எச்சரிக்கை, திரும்பத் திரும்பச் சொல்வேன்: அடியில் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் பாருங்கள்.

மூன்றாமாண்டு மாணவி: பக்கவாட்டில் எவ்வளவு வேகம்? எவ்வளவு தூரம் போகும்?

துகள் அளவைச் சொல்லாமல் வேகத்தைச் சொல்பவரை நம்பாதீர்கள். நிலவு மண்ணின் நடுத்தரத் துகள் சுமார் 70 மைக்ரான். அதைவிட நுண்ணிய தூசி வாயுவோடு சேர்ந்தே ஓடி நொடிக்கு 1 கி.மீ.க்கு மேல் எட்டும். சரளைக்கல் நொடிக்குச் சில பத்து மீட்டர்தான்.

கிளம்பும் கோணம் தரையிலிருந்து 1 முதல் 3 பாகை. 3 பாகையில், நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் கிளம்பும் துகள் 640 மீட்டருக்கு அப்பால் விழும். 300 மீட்டர் வேகமென்றால் கிட்டத்தட்ட 6 கி.மீ. இழுத்து நிறுத்தக் காற்று இல்லை. நொடிக்கு 2.38 கி.மீ.ஐத் தாண்டினால் அது நிலவுக்கே திரும்பாது.

கண்ணால் கண்ட சான்று: 1967 ஏப்ரலில் இறங்கிய ஆளில்லாக் கலமான சர்வேயர் 3க்குச் சுமார் 160 மீட்டர் தொலைவில் 1969 நவம்பரில் அப்பல்லோ 12 இறங்கியது. விண்வெளி வீரர்கள் கான்ராடும் பீனும் சர்வேயரின் கேமராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். வெயிலில் பழுப்பேறியிருந்த வெள்ளைப் பெயின்ட், கலம் இறங்கிய திசையில் மட்டும் மணல் அடித்துச் சுரண்டப்பட்டு வெளுத்திருந்தது. திருகுகளின் மறைவில் இருந்த இடங்கள் மட்டும் பழைய நிறத்தில், நிழல்போல. இத்தனைக்கும் சர்வேயர் நின்றது ஒரு பள்ளத்துக்குள். தூசியின் பெரும்பகுதி அதன் தலைக்கு மேலேயே போய்விட்டது.

ஊர்க்குருவி: அப்பல்லோ 11 கொடி சாய்ந்தது உண்மையா?

உண்மை. கிளம்பும்போது அது விழுந்ததைப் பார்த்ததாக ஆல்ட்ரின் சொன்னார். அது நிலவிலிருந்து மேலே ஏறும் இன்ஜினின் வேலை, இறங்கும் இன்ஜினுடையது அல்ல.

சந்தேகப்பிராணி: படத்தில் இன்ஜினுக்கு அடியில் பள்ளம் இல்லையே, அப்போ...

முதல் பதில்.

கணக்கு வாத்தியார்: சந்திரயான்-3 இறங்கியபோது 2.06 டன் மண் பறந்ததாக இஸ்ரோ சொன்னது. அதன் இறங்குகலமான விக்ரமே 1.75 டன்தானே! தன்னைவிடக் கனமானதை எப்படிக் கிளப்பும்?

எடைக்கு எடை ஒப்பிடுவதில் பொருளில்லை. சந்திரயான்-2 சுற்றுகலன் இறங்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில், கலத்தைச் சுற்றி ஒரு பிரகாசமான வளையம் தெரிந்தது. அப்படி இடம்பெயர்ந்த பரப்பு 108.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 19 கிலோ. கன செ.மீ.க்கு 1.3 கிராம் அடர்த்தி வைத்தால் தடிமன் ஒன்றரை செ.மீ. அவ்வளவே. முற்றத்தைப் பெருக்கிய மாதிரிதான், கிணறு வெட்டிய மாதிரி இல்லை.

கணக்கு வாத்தியார்: தடிமன் சரி. நொடிக்கு 1 கி.மீ. என்றீர்களே? 2 டன்னை அந்த வேகத்துக்குக் கொண்டுபோக 20 லட்சம் நியூட்டன்-நொடி (விசை பெருக்கல் நேரம்) வேண்டும். கொடுத்தது யார்?

இன்றைய கேள்விகளில் உருப்படியானது இது. தரையைத் தொட்டபோது எரிந்தவை 800 நியூட்டன் இன்ஜின்கள் இரண்டு. முழு விசையில் எரிந்தாலும் 1,600 நியூட்டன். அரிப்பு 30 நொடி நடந்ததாகத் தாராளமாகவே வைப்போம்: 48,000 நியூட்டன்-நொடி. அதை முழுக்க மண்ணுக்கே கொடுத்தாலும் 2,060 கிலோவின் சராசரி வேகம் நொடிக்கு 23 மீட்டர்தான். ஆகவே 2 டன்னும் தோட்டாவாகப் பறக்கவில்லை.

எதிர்க்கட்சி: அப்படியானால் கி.மீ. வேகமெல்லாம் கட்டுக்கதையா?

இல்லையே. அதில் நூற்றில் ஒரு பங்கு, 20 கிலோ, 1 கி.மீ. வேகத்தில் போனால் 20,000 நியூட்டன்-நொடி. கணக்கில் இடம் இருக்கிறது. மீதி மண் நொடிக்கு 14 மீட்டரில் உருண்டு அக்கம்பக்கத்தில் விழுந்தால் போதும்.

எதிர்க்கட்சி: அந்த 20 கிலோ உங்கள் ஊகம்தானே?

எடுத்துக்காட்டு. எல்லை எங்கே என்று காட்டத்தான். டன் கணக்குச் சொல்லும் மண் வேறு, பக்கத்துக் கலத்தின் லென்ஸைத் தேய்க்கும் மண் வேறு. இரண்டையும் பெருக்கித் தலைப்புச் செய்தி போடுகிறவர்களால்தான் இந்தக் குழப்பம்.

கணக்கு வாத்தியார்: அப்பல்லோவுக்கும் இந்த வாதம் பொருந்துமா?

பொருந்தும். ஆய்வாளர் ஃபில் மெட்ஸ்கரின் 2024 கணினி மாதிரி ஒரு அப்பல்லோ இறக்கத்துக்கு 11 முதல் 26 டன் மண் என்கிறது. அதற்கு முன் சில டன் என்றே நினைத்திருந்தார்கள். 11,500 நியூட்டன், 30 நொடி, 20 டன் என்று போடுங்கள். நொடிக்கு 17 மீட்டர் வரும். விக்ரமின் கணக்கும் இதே வரிசைதான்.

எதிர்க்கட்சி: ஆனால் 30 நொடி என்பது...

குறைத்தால் சராசரி வேகமும் குறையும், என் வாதம் இன்னும் வலுக்கும். அடுத்தவர்.

பட்டறைக்காரர்: இன்ஜினை முன்கூட்டியே அணைத்துவிட்டால் தூசி குறையாதா?

குறையும். கலத்தின் கால் தாங்குமா என்பதுதான் கேள்வி. வேகமில்லாத நிலையிலிருந்து 1 மீட்டர் விழுந்தால் நொடிக்கு 1.8 மீட்டர், 2.8 மீட்டர் விழுந்தால் 3 மீட்டர். சந்திரயான்-3இன் கால்களை 2இலிருந்து 3 மீட்டர் வேகத்துக்கு வலுப்படுத்தினார்கள். அப்பல்லோவில் பாதத்துக்கு அடியில் 1.7 மீட்டர் நீளக் கம்பிகள் தொங்கின. தரையைத் தொட்டதும் விளக்கு எரியும், விமானி இன்ஜினை நிறுத்துவார். அப்பல்லோ 15இல் நாசில் நீளமானது, இறங்கிய இடமும் ஒரு பள்ளத்தின் விளிம்பு. நாசில் வாய் நசுங்கிப் போயிற்று. சீனாவின் சாங்-இ 3 இன்ஜினை அணைக்கக் காமா கதிர் உணரியை நம்பியது. தூசிக்குள்ளும் அது உயரம் சொல்லும்.

மூன்றாமாண்டு மாணவி: ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் இருந்தால்?

இரண்டு தாரைகள் தரையில் மோதி விரிந்து சந்திக்கும் கோட்டில், வாயு போக வழியின்றி மேலே எழும்பும். அந்த ஊற்று மண்ணோடு கலத்தின் வயிற்றில் அடிக்கும். அடிப்பக்க உணரிகளை அந்தக் கோட்டில் வைக்காதீர்கள். 2023 செப்டம்பர் 3 அன்று விக்ரம் 40 செ.மீ. எழும்பி இறங்கியபோது, சாய்தளத்தையும் கருவிகளையும் முதலில் மடக்கி, பிறகே இன்ஜினை எரித்தார்கள். 2025 மார்ச்சில் நிலவில் இறங்கிய அமெரிக்கத் தனியார் கலமான ப்ளூ கோஸ்டின் அடிப்பக்கக் கேமராக்கள் 3,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தன. இந்தத் துறைக்கு வருவதானால் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

நாமக்கல் வாசகர்: எங்கள் சித்தம்பூண்டி மண்ணில் இதைச் சோதிக்கலாமா?

அந்த அனார்தோசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ நிலவின் உயர்நிலப் போலி மண்ணைச் செய்தது. சக்கரம் ஓட்ட, காலை ஊன்றிப் பார்க்க அருமை. தாரைச் சோதனைக்கு வெற்றிட அறை வேண்டும். சாதாரணக் காற்றில் செய்தால் தாரை குவிந்து பள்ளம் விழும், தப்பான முடிவு வரும்.

புதியவர்: வணக்கம் ஐயா, இறங்கிய இடத்தில் பள்ளம் ஏன்...

முதல் பதில், ஐயா. அடியில் பார்க்காதீர்கள்.

நீர்த்தேடல்: தென்துருவப் பனியை இன்ஜின் வாயு கெடுக்குமா?

கெடுக்கும். எரிந்த வாயுவில் நீராவியும் உண்டு. 1,200 கிலோ கலம் தென்துருவத்தருகே இறங்குவதாக 2020இல் ஒரு கணினி ஆய்வு செய்தார்கள். இரண்டு மாதம் கழித்தும் அந்த நீராவியில் 30 முதல் 40 சதவீதம் நிலவிலேயே இருந்தது. ஏறக்குறைய 20 சதவீதம் துருவங்களருகே உறையும் என்று கணித்தது. மாதிரி எடுப்பவர் தன் எரிபொருளின் வேதிக் கையொப்பத்தை (எந்தெந்தப் பொருள் எவ்வளவு என்ற அடையாளத்தை) முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும்.

பட்டறைக்காரர்: ஒரே இடத்தில் பல கலங்கள் இறங்க வேண்டுமானால்?

மூன்று வழி. தூரம்: அப்பல்லோ தளங்களுக்கு 2 கி.மீ.க்குள் இறங்க வேண்டாம் என்று நாசா 2011இல் பரிந்துரைத்தது. ஆனால் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள், 300 மீட்டர் வேகக் கணக்கு மேலே இருக்கிறது. மறைப்பு: மண்மேடு. கோணம் 3 பாகை என்றால் 50 மீட்டர் தள்ளி 2.6 மீட்டர் உயரத்திலேயே தூசி போகும், ஆக மேடு அதைவிட உயரமாக இருக்க வேண்டும். மேட்டின் உட்சரிவு தாரையை மேலே திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தளம்: மண்ணை மைக்ரோவேவால் சுட்டு இறுக்குவது. தளத்தின் நடுவைவிட விளிம்பைக் கவனியுங்கள். வாயு அங்கேதான் அடியில் புகுந்து பலகையைத் தூக்கும்.

சந்தேகப்பிராணி: சரி, கடைசியாக, அந்தப் பள்ளம்...

முதல் பதில்.