ஆழியாற்றுத் தண்ணீர்: சிற்றூர் விவசாயிகளின் கேள்விகளும் பதில்களும்

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் தாலுகாவில் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் கேட்டவை இவை. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்காகத் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தத் தண்ணீர் வருகிறது. பதில் சொல்பவர் பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஐயா, ஒப்பந்தப்படி 7.25 டிஎம்சி வந்துவிட்டது என்கிறார்கள். அப்புறம் எதுக்குங்க என் இரண்டாம் போகம் கருகுது? (கொழிஞ்சாம்பாறை, நெல்)

ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி. 7.25 டிஎம்சி என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை மாநில எல்லையோரம் உள்ள மணக்கடவு அணைக்கட்டில் அளக்கும் மொத்தக் கணக்கு. வருஷம் முழுக்கச் சீராக ஓடவிட்டால் நொடிக்குச் சுமார் 230 கன அடிதான் வரும். நெல்லுக்கு அப்படிச் சீராகத் தேவையில்லை. நடவுக்கு நிறைய வேண்டும். கதிர் பால் பிடிக்கும்போது ஒரு வாரம் காய்ந்தால் பதராகிவிடும். அதற்குப் பிறகு இரட்டிப்பாகத் திறந்தாலும் பிரயோசனம் இல்லை. ஆனால் ஏட்டில் அதுவும் உங்கள் பங்கில் கழிந்துவிடும். அதனால் "எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள், "எந்தப் பதினைந்து நாளில்" என்று கேளுங்கள். நடவு தேதியைப் பாடசேகர சமிதிகள் (நெல் விவசாயிகளின் குழுக்கள்) ஒன்றாகப் பேசி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான், நம் அதிகாரிகள் இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்தில் அடித்துப் பேச முடியும். ஆளுக்கொரு தேதியில் நட்டுவிட்டு மதகைத் திட்டினால் எப்படி?

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற என் மச்சான், "எங்க தண்ணிய நீங்க வாங்கிக்கிறீங்க" என்று சண்டைக்கு வர்றாருங்க. (வடகரப்பதி)

அவர் வயலில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணையும் கேரள மண்ணில் இருக்கின்றன, இயக்குவது தமிழ்நாடு. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கங்கள், கால்வாய்கள் வழியே தமிழ்நாட்டின் திருமூர்த்தி அணை வரை போகிறது. அங்கே பாசனப் பரப்பு அதிகம். நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் விடுகிறார்கள். முறை வராத வருஷம் அவருக்குக் கால்வாய் காய்ந்துதான் கிடக்கும். மச்சானிடம் கணக்கைக் காட்டுங்கள், சண்டை வேண்டாம்.

குடிநீருக்கு எடுத்தால் விவசாயம் செத்துவிடுமா? (சிற்றூர்)

ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால், ஒரு டிஎம்சி ஏழே முக்கால் லட்சம் பேருக்கு ஒரு வருஷம் வரும். அதே தண்ணீர் நெல்லுக்குப் போனால், ஏக்கருக்கு நான்கு அடி ஆழக் கணக்கில், 5,700 ஏக்கரோடு சரி. குடிநீர் அளவில் சிறியது, ஆனால் ஒரு நாளும் நிறுத்த முடியாதது. அதை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைப் பங்கு போடுவதுதான் என் கட்சி. புதிதாக எந்த ஊர் சேர்ந்தாலும், அது யார் பங்கில் கழிகிறது என்று எழுத்தில் வேண்டும்.

மின்சாரத்துக்குத் தண்ணீர் வீணாகிறதா?

வீணாவதில்லை. சர்க்கார்பதி மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டுத் திரும்பக் கால்வாய்க்கே வருகிறது. நேரம்தான் பிரச்சினை: தமிழ்நாட்டுக்கு மின்தேவை கூடும் நேரம், நமக்குப் பயிர் காயும் நேரம்.

எங்கள் பக்கம் இன்னும் இரண்டு தடுப்பணை கேட்கலாமா? (பெருமாட்டி)

கேளுங்கள், ஆனால் அளவோடு. ஒன்று போட்டால் ஓரத்துக் கிணறுகள் ஊறும். வரிசையாகப் போட்டால் கீழே பாரதப்புழைக்குக் கோடையில் எதுவும் போகாது. 209 கிலோமீட்டர் ஆறு பொன்னானியில் கடல் சேரும் இடத்தில் உப்பு மேலேறும். அப்புறம், 2004இல் பிளாச்சிமடை குளிர்பான ஆலை மூடியதோடு நிலத்தடி நீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஆழ்துளைக் கிணறுகள் இறைத்துக்கொண்டுதானே இருக்கின்றன! தென்னைக்கு முதலில் சொட்டுநீர் போடுங்கள், தடுப்பணைக்கு மனு பிறகு.

ஒப்பந்தத்தை மாற்றினால் நமக்குக் கூடுதலாகக் கிடைக்குமா?

ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது, 1958 நவம்பரில் இருந்து நடைமுறை. 30 வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வு என்று அதிலேயே இருக்கிறது, 1988இலேயே முடித்திருக்க வேண்டும். 2019இல் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துப் பேசினார்கள். நான் கேட்பது கூடுதல் டிஎம்சி அல்ல. மழை குறைந்த வருஷத்தில் குறைவை எந்த விகிதத்தில் இருவரும் தாங்குவது என்று ஒரு அட்டவணை. நல்ல மழை வருஷத்தில் உட்கார்ந்து எழுதினால்தான் அது நடக்கும். வறட்சியில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.