பொழித் தண்ணீர்: இந்த வாரம் வந்த கேள்விகள்

(பொழி என்பது ஆறு கடலில் சேரும் வாய். அலை மணலைக் குவித்து அதை அடைத்துவிடும், அந்த மணலை வெட்டித் திறப்பதைத்தான் பொழி வெட்டுவது என்பார்கள்.)

"விடியக்காலையில் பொழியில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஒன்பது மணிக்குப் பார்த்தால் சரியாகிடுது. யாராவது விஷம் கலக்குறாங்களா அண்ணா?" (தேங்காப்பட்டணம்)

விஷமாக இருந்தால் ஒன்பது மணிக்கு இப்படிச் சரியாகாது தம்பி. மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. பகல் வெயிலில் பாசி ஆக்ஸிஜனை விடும், இரவில் அதே பாசியும் மீனும் அடிச்சேற்றில் அழுகுவதும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும், அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு ரொம்பக் கீழே போகும். மதியம் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு "தண்ணீர் நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலை ஐந்து மணிக்கு, கரையிலேயே, மேலேயும் அடியிலேயும் அளக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் குளிப்பதற்கான தரமே லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கேட்கிறது. 2-க்குக் கீழே போனால் பல மீன்கள் தாங்காது. அப்புறம், பாசி இவ்வளவு பெருகுவதற்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சாக்கடை, செப்டிக் டேங்க் கசிவு, வயலில் போட்ட உரம், இவைதான்.

"பொழியை வெட்டிவிட்டால் தண்ணீர் சுத்தமாகிடும், அப்புறம் ஏன் எப்போதும் திறந்து வைக்கக் கூடாது?" (மேல மணக்குடி)

இந்தக் கேள்வி எல்லா ஊரிலிருந்தும் வருகிறது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது வெட்டித்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வெட்டினதும் முதலில் ஓடுவது மேலே நிற்கிற நல்ல தண்ணீர், அடியில் கனமாகக் கிடக்கிற ஆக்ஸிஜன் இல்லாத உப்புத் தண்ணீர் அங்கேயே நிற்கும், மட்டம் சட்டென்று இறங்கினால் மிச்சமிருக்கும் மீனுக்கு அந்தத் தண்ணீர்தான் கிடைக்கும். அதனால்தான் சில நேரம் பொழி வெட்டிய மறுநாள் மீன் செத்து மிதக்கிறது. கோடையில் ஆற்றின் வேகம் குறைந்ததும் அலை மணலைத் தள்ளி வாயை மறுபடி அடைத்துவிடும். பழையாறு நாகர்கோவில் கழிவையும் சுமந்துகொண்டுதான் மணக்குடிக்கு வருகிறது, அது வந்துகொண்டிருக்கும்வரை வாயை எத்தனை முறை திறந்தாலும் சில நாள் ஆறுதல்தான். மனு கொடுக்கப் போகிறவர்கள் பொழி வெட்ட மட்டும் கேட்காமல், மேலே கழிவை நிறுத்தவும் சேர்த்துக் கேளுங்கள்.

"பொழிக்கரையை ஒட்டிய எங்கள் கிணறு உப்புக் கரிக்குது." (பெயர் வேண்டாம் என்றவர்)

மோட்டாரைக் குறைத்து ஓட்டுங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. அந்த ஒரு அடியை நீங்கள் இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்பு எவ்வளவு மேலே ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். குளோரைடு சோதனை செய்யுங்கள்: குடிக்க லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1000 வரை.

"மூளையைத் தின்னும் அமீபா பயமா இருக்கு. பிள்ளைகளைப் பொழியில் குளிக்க விடலாமா?" (பூவார்)

அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது, கடல் உப்பில் தாங்காது. தண்ணீரைக் குடிப்பதால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. ஆனால் வாய் அடைத்து, ஆற்றுத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் மாதங்களில் பொழியும் நன்னீர்க் குளம் மாதிரிதான், அப்போது முங்க விடாதீர்கள். அமீபா ஒருபுறம் இருக்கட்டும், கழிவு கலந்த தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கும் சொறியும்தான் அங்கே பிள்ளைகளுக்கு அடிக்கடி வரக்கூடியவை.

"மட்டி எடுத்துச் சாப்பிடலாமா?"

மட்டி தண்ணீரை வடிகட்டித்தான் வாழ்கிறது, அதில் இருக்கும் கிருமியும் அதன் உடம்பில் சேரும். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. சாக்கடை விழும் இடத்தில் எடுக்காதீர்கள்.

"ஆகாயத்தாமரையைக் கடல் தண்ணீர் விட்டே அழிக்கலாம்னு சொல்றாங்களே?"

உப்பு ஏறினால் சாகும், உண்மை. செத்தது அடியில் போய் அழுகும், அதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும், முதல் கேள்வியில் சொன்ன மீன்தான் மறுபடி தவிக்கும். உப்பு ஏறுவதற்கு முன்பே வாரிக் கரையேற்றி, தண்ணீர் திரும்ப இறங்காத தூரத்தில் குவித்து உரமாக்குங்கள்.