டாக்ரோலிமஸ் லெவல் எகிறிவிட்டதா? ரத்தம் எடுத்த நேரத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. அம்மா தந்த சிறுநீரகத்தைப் பொருத்தி எட்டு மாதம் ஆகிறது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் காலை 2 மி.கி., இரவு 2 மி.கி., எட்டு மணி என்றால் எட்டு மணிக்கே போட்டுவிடுவேன். கூடவே அதே வேலைக்காக மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன். போன மாதம் ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு, அதாவது லெவல், 6.8. இந்த மாதம் 16.4 என்று வந்திருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.2, அதில் மாற்றமில்லை. ஒரு மாதமாக வலது கை லேசாக நடுங்குகிறது, கையெழுத்து கோணுகிறது. பழைய கம்பெனி ஸ்டாக் இல்லை என்று மெடிக்கலில் மூன்று வாரம் முன்பு வேறு அட்டை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தம்பி அன்றைக்கு ஒன்பதரைக்குத்தான் வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மருந்து ரொம்ப ஏறிப்போச்சு, இரண்டு நாள் நிறுத்துங்க" என்கிறார். நிறுத்தலாமா? இந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும் என்று படித்தேன், உண்மையா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அறுவை சிகிச்சை செய்த பிரிவுக்கு இன்றே போன் செய்யுங்கள். அவர்கள் வேறு மாதிரி சொல்லாதவரை இரவு டோஸை வழக்கம்போல் எட்டு மணிக்குப் போடுங்கள்.

உங்கள் பதற்றத்துக்கான விளக்கம் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது: ஒன்பதரை. லெவல் என்று நாங்கள் பார்ப்பது, ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்து அளவை. முந்தைய டோஸ் போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த டோஸ் போடுவதற்குச் சற்று முன் எடுக்க வேண்டியது அது. கேப்ஸ்யூலை விழுங்கினால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். அந்த உச்சம் அடிமட்ட அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது சாதாரணம். எட்டு மணிக்கு விழுங்கிவிட்டு ஒன்பதரைக்குக் கையை நீட்டியிருந்தால், 16.4 என்பது உச்சத்துக்குப் பக்கத்து அளவு. போன மாத 6.8 அடிமட்டத்து அளவு. இரண்டையும் ஒப்பிடுவது, அடுப்பு முன்னால் நின்றுகொண்டு ஜுரம் பார்ப்பது போல.

அன்றைக்கு மாத்திரையைப் போடாமல் ஒன்பதரை வரை காத்திருந்தீர்கள் என்றால் கதையே வேறு. பதின்மூன்றரை மணி நேரம் கழித்தும் 16.4 இருக்கிறது என்றால் அது நிஜமாகவே அதிகம். எட்டு மாதத்தில் பெரும்பாலான மையங்கள் எதிர்பார்ப்பது ஒரு மில்லிலிட்டருக்கு 5 முதல் 8 நானோகிராம், சில மையங்களில் 10 வரை. போன் செய்யும்போது முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்: விழுங்கியது எத்தனை மணிக்கு, குத்தியது எத்தனை மணிக்கு.

இரண்டு நாள் நிறுத்தினால் என்ன ஆகும் என்று ரத்தம் எடுக்க வந்தவருக்குத் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஆனால் டோஸைப் பற்றிப் பேசும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பொருத்திய உறுப்பை உடம்பு நிராகரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் வலி இருக்காது, சிறுநீரும் குறையாது. கிரியாட்டினின் ஏறிய பிறகுதான் தெரியவரும். அதற்குள் அம்மாவின் சிறுநீரகத்துக்கு எதிரான அணுக்கள் வேலையைத் தொடங்கியிருக்கும்.

நாளை காலையே லெவலை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாக எடுப்பது எப்படி? முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மருந்து. மறுநாள் காலை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் ரத்தம். காலை கேப்ஸ்யூல் சட்டைப் பையில் இருக்கட்டும், ஊசி வெளியே வந்த பிறகு விழுங்குங்கள். குழாயின் மூடி ஊதா நிறமாக இருக்க வேண்டும். டாக்ரோலிமஸ் பெரும்பகுதி சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் முழு ரத்தத்தில்தான் அளக்க வேண்டும். உறையவிட்டுப் பிரித்த சீரத்தில் அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. லேப் படிவத்தில் மூன்று விவரங்களை உங்கள் கையாலேயே எழுதுங்கள்: கடைசி டோஸ் நேரம், ரத்தம் எடுத்த நேரம், இப்போது சாப்பிடும் பிராண்ட். எப்போதும் ஒரே லேப். அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். மருந்து உடைந்து உண்டாகும் பொருள்களையும் சேர்த்து எண்ணிவிடும் முறைகள் உண்டு, அவற்றில் எண் சற்று கூடுதலாகவே வரும்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் வசதியைக் குறை சொல்லவில்லை. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அது போதும். இந்தச் சோதனைக்குப் போதாது. அவர்களுக்கு ஒரு காலையில் இத்தனை வீடு என்று கணக்கு, அந்தக் கணக்கில் உங்கள் எட்டு மணி ஒன்பதரை ஆகிவிடுகிறது. மாதிரியை வாங்கிப் பெரிய லேபுக்கு அனுப்பிக் கமிஷன் பார்க்கும் இடைத்தரகர்கள் நேரத்தைக் கேட்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. ரிப்போர்ட்டில் எண் மட்டும் கொட்டை எழுத்தில் வரும், எத்தனை மணி நேரத்து ரத்தம் என்ற கட்டம் காலியாக இருக்கும். காலி கட்டத்தோடு வரும் ரிப்போர்ட்டை லேபே வெளியிடக் கூடாது என்று ஒரு விதி போட இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் தோன்றவில்லை.

இனி அட்டை மாறிய விஷயம். மருந்து விதிகள் 1945-இல் 65(11ஏ) என்று ஒரு விதி இருக்கிறது. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் ஷெட்யூல் ஹெச்; அதிலுள்ள மருந்தைச் சீட்டில் எழுதியிருந்தால், மூலப்பொருள் ஒன்றாகவே இருந்தாலும் அதற்குப் பதில் வேறு தயாரிப்பைக் கடைக்காரர் கொடுக்கக் கூடாது. டாக்ரோலிமஸ் அந்தப் பட்டியலில் உள்ள மருந்து. கவுன்டரில் நிற்கும் பையனிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். கொஞ்சம் கூடினால் நஞ்சு, கொஞ்சம் குறைந்தால் நிராகரிப்பு என்ற குறுகிய இடைவெளியில் வேலை செய்யும் மருந்து இது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதை பிராண்ட் பெயரோடுதான் எழுத வேண்டும், அதே பெயரில்தான் கொடுக்க வேண்டும் என்று 2012-லேயே அறிவுறுத்திவிட்டது. இங்கோ மருத்துவர்களே சீட்டில் மூன்றெழுத்துக் கிறுக்கலோடு விட்டுவிடுகிறார்கள். இலவசமாக மருந்து பெறுபவர்களுக்கு டெண்டர் மாறும்போது அட்டையும் மாறுகிறது, அட்டை மாறியதால் லெவல் பார்க்க வேண்டும் என்று யாரும் சீட்டு எழுதுவதில்லை.

இந்தியக் கம்பெனிகளின் மருந்து மட்டம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல தயாரிப்புகள் இருக்கின்றன, பல்லாயிரம் பேர் அவற்றில்தான் நன்றாக இருக்கிறார்கள். மாதம் ஒரு பிராண்டாகத் தாவுவதில்தான் ஆபத்து. எது கட்டுப்படியாகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம் என்பதால் விரித்தே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு, கையில் மருந்து தீர்ந்துவிட்டது, ஊரில் உங்கள் பிராண்ட் கிடைக்கவில்லை. அப்போது, "பிராண்ட் மாற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார்" என்று மருந்தே போடாமல் படுத்துவிடக் கூடாது. மருந்தில்லாமல் இருப்பதைவிட வேறு பிராண்ட் எவ்வளவோ மேல். ஆனால் அட்டையில் மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, மில்லிகிராம். உங்களுடையது 1 மி.கி. கேப்ஸ்யூல் இரண்டாக இருந்து, புது அட்டை 0.5 மி.கி. என்றால் நான்கு விழுங்க வேண்டும். பழக்க தோஷத்தில் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு, வகை. நாளுக்கு இரு வேளை போடும் சாதாரண கேப்ஸ்யூல் ஒன்று, நாளுக்கு ஒரே வேளை போடும் மெதுவாகக் கரையும் வகை இன்னொன்று. பெயரின் கடைசியில் எக்ஸ்எல், இஆர், பிஆர், ஓடி போன்ற எழுத்துகள் இருந்தால் அது பின்னது. ஒன்றுக்கு மற்றொன்றை நீங்களாக மாற்றக் கூடாது. இந்த விலக்கு சாதாரண வகைக்குப் பதில் சாதாரண வகைக்கு மட்டும்தான். மூன்று, கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும். அவற்றைக் குறித்துக்கொண்டு மறுநாளே மருத்துவப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பழைய பிராண்ட் இரண்டு மூன்று நாளில் கிடைத்துவிட்டால் அதற்குத் திரும்பிவிடலாம். கிடைக்காது என்றால் புதியதிலேயே நிலைத்துநின்று, ஒரு வாரத்துக்குள் லெவல் பார்க்க வேண்டும். நீங்கள் மாறி மூன்று வாரம் ஆகிறது. சரியான நேரத்தில் எடுத்த ஒரு லெவல்கூட இன்னும் உங்களிடம் இல்லை. நாளை எடுக்கப் போவதுதான் முதலாவது.

பில் இல்லாமல் பாதி விலைக்கு வாட்ஸ்அப்பில் வரும் அட்டையைத் தொடவே தொடாதீர்கள். யார் வீட்டில் மிஞ்சியது, எந்த வெயிலில் கிடந்தது என்று தெரியாது. ஈரம் பட்டால் கெடும் மருந்து என்பதால் கேப்ஸ்யூல்களை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போட்டு வைப்பதும் வேண்டாம்.

நாளை எடுக்கும் லெவலும் அதிகமாகவே வந்தால், கடந்த இரண்டு வாரத்தில் என்ன புதிதாக உள்ளே போனது என்று பாருங்கள். இருமலுக்கு கிளாரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின், படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல் அல்லது இட்ராகோனசோல், பிரஷருக்கு டில்டியாசெம் ஆகியவை லெவலை ஏற்றும். வயிற்றுப்போக்கும் ஏற்றும். பேதியானால் மருந்து வெளியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குடல்சுவர் தன் வழியே போகும் டாக்ரோலிமஸில் ஒரு பங்கை வழக்கமாகச் சிதைக்கும், அது புண்பட்டால் சிதைக்கும் வேலை குறைந்து அதிக மருந்து ரத்தத்துக்குள் போகிறது. பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம்; எலுமிச்சைக்குத் தடையில்லை. லெவலை இறக்கும் மருந்துகளில் முக்கியமானவை காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபின். காசநோய் மருந்தை யார் தொடங்கினாலும் முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரக மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

டில்டியாசெம் பற்றி இன்னொன்று. டாக்ரோலிமஸ் செலவைக் குறைக்க வேண்டுமென்றே அதைச் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. உங்கள் சீட்டில் அது இருந்து, வேறொரு மருத்துவர் "பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிட்டால் லெவல் சரிந்துவிடும்.

கிட்னியைக் கெடுக்குமா என்று கேட்டீர்கள். பாதி உண்மை. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் சின்னக் குழாய்களை இந்த மருந்து இறுக்கும். அளவு கூடினால் கிரியாட்டினின் ஏறும். டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் இறங்கும். ஆண்டுக்கணக்கில் அளவு அதிகமாகவே இருந்தால் வடு விழும், அது திரும்பாது. லெவல் பார்ப்பதே இதற்காகத்தான். ஆனால் மருந்தே இல்லாவிட்டால் சிறுநீரகம் அதைவிட வேகமாகப் போய்விடும். ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியில் 1984-இல் கண்டெடுத்த பொருள் இது. கல்லீரல், இதயம், நுரையீரல் மாற்றுக்கும், சிறுநீரில் புரதம் ஒழுகும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும், லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தாக்கும்போதும் கொடுக்கிறோம். கரப்பான் என்னும் தோல் நோய்க்குத் தடவும் களிம்பாகவும் வருகிறது; அதைத் தடவுபவர்கள் இங்கே சொன்னதைப் படித்துப் பயப்பட வேண்டாம்.

உங்கள் கை நடுக்கத்துக்கு வருவோம். நடுக்கம் ஒரு மாதமாக, அட்டை மாறியது மூன்று வாரத்துக்கு முன்பு. ஆகவே புது அட்டை மட்டும் காரணமாக இருக்க முடியாது. டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர்களுக்கு மெல்லிய நடுக்கம் மிகச் சாதாரணம், மருந்து போட்ட ஓரிரு மணி நேரத்தில் கூடுதலாகத் தெரியும். மக்னீசியம் குறைந்தாலும் நடுங்கும், இந்த மருந்தே அதைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். நாளை அதே ஊசியில் மக்னீசியம், பொட்டாசியம், வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்ரோலிமஸும் பிரெட்னிசலோனும் சேர்ந்தால், முன்பு சர்க்கரை இல்லாதவர்களுக்கும் வரும். பொட்டாசியத்தை இந்த மருந்து ஏற்றும், தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோலும் ஏற்றும். எண் 5-ஐத் தாண்டியிருந்தால் இளநீரை நிறுத்துங்கள்; உடம்புக்குக் குளிர்ச்சி என்று உறவினர்கள் குலைகுலையாகக் கொண்டுவந்தாலும் சரி. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் கஷாயமும் சீந்தில் பொடியும் வேண்டாம். அந்தச் சக்தியை அடக்கத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம். கை கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது, பாரசிட்டமால் போதும்.

நேரம் சரியாக எடுத்த லெவல் 5-க்கும் 8-க்கும் இடையில் வந்து, மக்னீசியமும் சரியாக இருந்து, அப்போதும் பேனா பிடிக்கச் சிரமம் என்றால், ஒரு வேளை போடும் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உச்சம் தணிவாக இருப்பதால் சிலருக்கு நடுக்கம் குறைகிறது. மண்டையைப் பிளக்கும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் லெவலுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் பையில் எடுத்துப் போங்கள்.