கண்மாயில் அயிரை திரும்ப வருமா?

கேள்வி: எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. மழையை நம்பிய கண்மாய். நான் சின்னப் பையனாக இருந்தபோது கண்மாய் வற்றினால் அயிரை, உளுவை, விரால், கெளுத்தி என்று வாளி நிறையும். இப்போது வலை போட்டால் ஜிலேபி (திலாப்பியா) மீன்தான் வருகிறது. இந்தக் கோடையில் தூர் வாரப் போகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் 60 ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். தூர் வாரியதும் மீன் குஞ்சு வாங்கி விடலாமா? எந்த மீன், எத்தனை?

பதில்: குஞ்சு வாங்காதீர்கள். முதல் வருடமாவது வேண்டாம். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

குஞ்சு விற்கும் இடத்தில் போய் நின்றால் பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால்தான் கிடைக்கும். மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளியின் ஆற்று மீன்கள். நன்றாக வளரும், நல்ல விலைக்குப் போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேங்கிய கண்மாய்த் தண்ணீரில் அவை முட்டையிட்டுப் பெருகாது. வருடா வருடம் வாங்கி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது மீன் வளர்ப்பு. நீங்கள் ஏங்குவது யாரும் விடாமலே வாளி நிறைந்த காலத்துக்கு.

அன்றைக்கு அயிரையை யாரும் விடவில்லை என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஐப்பசியில், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் முதல் தண்ணீர் இறங்கியதும் மீன் எதிர்த்து ஏறும். "மீன் ஏறுது" என்று ஊரே சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, அதேதான். கீழ்க் கண்மாயிலிருந்து கலிங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்) வழியாக மேல் கண்மாய்க்கும், அங்கிருந்து வரத்துக்காலுக்கும் வயல் வாய்க்காலுக்கும் போய், முழங்கால் ஆழத் தண்ணீரில் புல்லுக்கு நடுவே முட்டையிடும். குஞ்சுகள் தண்ணீரோடு கண்மாய்க்குத் திரும்பும். பனையேறிக் கெண்டை பனை ஏறியதைத் தரங்கம்பாடியில் 1791இல் கண்ணால் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி எழுதி வைத்தார். பனைக் கதையை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் அந்த மீன் ஈரத் தரையில் செவிள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்வதைப் பார்த்திருக்கிறேன். ஏற வழி இருந்தால் மீன் ஏறும்.

அதனால் தூர் வாரும் முன் ஒரு நாள் காலையில் வரத்துக்காலை முழுக்க நடந்து பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்ட பழைய மடைக்காரர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கே மண் மூடியிருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே கோழிக் கழிவு கொட்டுகிறார்கள் என்று வரைந்து வாருங்கள். முக்கியமாகச் சாலைக்குக் குறுக்கே போட்ட சிமென்ட் குழாயைப் பாருங்கள். குழாயின் வாய் தரைக்கு மேலே ஓர் அடி தொங்கிக்கொண்டிருந்தால் விரால் ஒருவேளை துள்ளி ஏறும். உங்கள் அயிரை சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, அதற்கு அது கோட்டைச் சுவர். அந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டிச் சரிவு அமைக்கலாம். ஓர் அடி உயரத்துக்கு 20 அடி நீளமாவது வேண்டும். கல் மேடும் பள்ளமுமாக இருக்கட்டும், சிமென்ட் பூசி வழவழப்பாக்கினால் மீனுக்கு இளைப்பாற இடமிருக்காது. கலிங்கில் மட்டும் நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். வெள்ளத்தைக் கடத்தும் கட்டுமானம் அது, பொறியாளர் சொல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது.

இனி தூர் வாருவதற்கு வருகிறேன். நிறையக் கண்மாய்கள் கெடுவது இங்கேதான். தூர் வாரி முடித்த ஒரு கண்மாயைப் பார்க்க ஓர் ஊரில் என்னை ஆசையாக அழைத்துப் போனார்கள். சுற்றிலும் செங்குத்தான கரை, அடி சமதளம், நடுவில் ஒரு மண் திட்டு. பார்க்க அழகுதான். ஒரு மழைக்காலம் கழித்து ஓரத்தில் கொசுவலைத் துணியை இழுத்துப் பார்த்தேன். ஜிலேபிக் குஞ்சும், கொசுப் புழுவைத் தின்ன விட்ட கம்பூசியா என்ற வெளிநாட்டு மீனும் வந்தன. வேறொன்றும் இல்லை. நாட்டு மீன் முட்டையிட ஓரத்தில் ஒரு சாண் தண்ணீர் வேண்டும், குஞ்சு ஒளியக் கோரை வேண்டும். கிண்ணம் போல வெட்டிய கண்மாயில் இரண்டுமே இல்லை.

அயிரை வெயில் நேரத்தில் மண்ணுக்குள் புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கால் வைத்தால் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு அடுத்த மண்ணுக்குள் போய்விடும். குழம்பு வைக்கும் முன் பாலில் நீந்த விடுவதுகூட அது விழுங்கிய மண்ணைக் கக்கத்தான். அப்படிப்பட்ட மீனுக்கு மென்மையான மணலும் வண்டலும் வேண்டும். ஜேசிபி சரளை தெரியும்வரை சுரண்டிவிட்டால் அது எங்கே புதையும்? எனவே ஒரே கோடையில், தண்ணீர் நிற்கும் மொத்த உள்வாயையும் சுரண்ட விடாதீர்கள். கால் பங்கையாவது தொடாமல் வைத்து அடுத்த வருடம் எடுக்கச் சொல்லுங்கள். வரத்துக்கால் வந்து சேரும் பக்கம் ஆழமில்லாமல் சரிவாகவே இருக்கட்டும். கரையின் அடியை ஒட்டித் தோண்டவே கூடாது, கரை பலமிழக்கும்.

ஆழம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம். வயலுக்குப் பாய்ந்தது போக மிஞ்சுகிற தண்ணீர் அதில் நிற்கும். கோடையில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் 90 நாளில் 54 செ.மீ. போய்விடும், மண் குடிப்பது தனி. அதனால் 5 அடிக்குக் குறையாமல் தோண்டச் சொல்வேன். ஆடு மாடு இறங்கி ஏற ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், பிள்ளைகள் விழுந்தாலும் ஏறி வரலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளம் ஜிலேபியையும் காப்பாற்றும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் அது. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும், வருடத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். கண்மாய் எலும்பாய்க் காய்ந்தால் ஜிலேபி ஒழியும். விராலும் தேளியும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், மற்ற மீன்கள் போய்விடும். இதற்கு நம் ஊர்களில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. பங்குனி, சித்திரையில் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகளோடு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா! தண்ணீர் பள்ளத்துக்குச் சுருங்கியதும் பிடியுங்கள், ஜிலேபி ஒன்றைக்கூட விட வேண்டாம். சாண் அளவுக்குக் குறைந்த விராலையும், அயிரை, உளுவையில் பாதியையும் பள்ளத்திலேயே திருப்பி விடச் சொல்லுங்கள். திரும்ப விடும் விரால் வளர்ந்து ஜிலேபிக் குஞ்சைத் தின்று உங்கள் வேலையைக் குறைக்கும்.

ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வேரோடு போகட்டும். கோரை, அல்லி இருக்கட்டும். வீட்டுத் தொட்டி மீனைக் கண்மாயில் விடுவதை நிறுத்துங்கள், கடைக்காரர் டேங்க் கிளீனர் என்று விற்கும் சக்கர் மீனைக் குறிப்பாக. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நாட்டில் தடையே இருக்கிறது. கொசுவுக்கு மீன் வேண்டுமென்றால் தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் ஊர்ச் சின்ன மீன் போதும், வாய்க்காலிலேயே இருக்கும்.

அப்புறம் மீன்பாசிக் குத்தகை, அதாவது கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது. வளர்த்த கட்லா வெளியேறாமல் இருக்கக் குத்தகைதாரர் கலிங்கில் வலை கட்டுவார், அவர் காசு அது. ஆனால் அதே வலை கீழிருந்து ஏறும் மீனையும் தடுக்கிறது. முதல் தண்ணீர் வந்த 15 நாள் வலை கட்டக் கூடாது, அதன்பின் அவர் குஞ்சு விடட்டும், கடைசியில் பள்ளத்தை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது என்று ஏல நிபந்தனையிலேயே சேர்க்கக் கேளுங்கள். ஏலம் முடிந்தபின் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத் துறையுடையது, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்ச் 22 அல்லது மே 1 கிராம சபையில் பள்ளம், தொடாத கால் பங்கு, வலை கட்டாத 15 நாள் ஆகிய மூன்றையும் தீர்மானமாகப் போடுங்கள். வண்டல் எடுக்க வரும் விவசாயிகள் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி வருவார்கள். எங்கே எடுக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால் பள்ளம் செலவில்லாமல் உருவாகிவிடும். உங்கள் 60 ஆயிரத்தில் பெரும்பகுதி குழாய் வாய்க் கல் சரிவுக்கும் வரத்துக்கால் மண் அள்ளவும் போகும்.

மிச்சத்தில் ஒரு நோட்டும் சில சாமான்களும் வாங்குங்கள். 20 செ.மீ. அகலத் தட்டு ஒன்றில் கறுப்பும் வெள்ளையும் அடித்து, கயிறு கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று மாதம் ஒரு முறை எழுதுங்கள். ஒரு சாணுக்குள் மறைந்தால் தண்ணீரில் சேறோ பாசியோ அதிகம். கரைந்த ஆக்சிஜன் பார்க்கும் சோதனைப் பெட்டி இறால் பண்ணைச் சாமான் கடையில் கிடைக்கும். அதை விடியும் முன் பாருங்கள், இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதால் அப்போதுதான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள், நோட்டோடு போனால் பேச்சு சுலபம்.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று மழை ஆகும். கீழ்க் கண்மாயிலும் அயிரை அற்றுப்போயிருந்தால் மட்டும், அதே வரத்துத் தொடரில் அது இருக்கும் வேறொரு கண்மாயிலிருந்து ஒரு படி கொண்டுவந்து விடலாம், சந்தையில் வாங்கி அல்ல. நடுவில் ஒரு நாள் கோரை ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு கூட்டம் கொப்பளித்துக்கொண்டு நகரும். விரால் குஞ்சு அது, சரியாகக் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்த இடத்தில் மட்டும் தூண்டில் போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.