மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார்

கேள்வி: எங்களுக்குக் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படகர் ஊர்). ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் கடன் ஏறியதிலிருந்து கணவர் ஆளே மாறிவிட்டார். வயது 47. விடியற்காலை மூன்றரைக்கே எழுந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்துப் பக்கம் போவதில்லை. மனச்சோர்வு என்று டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஆறு வாரத்தில் நன்றாகத் தேறினார். "பழகிப் போயிடும்" என்று அவராகவே நிறுத்தினார். மறுபடி பழையபடி ஆகிவிட்டது. மாமியார் ஹெத்தையம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். விலை ஏறினால் சரியாகிவிடுவாரா? போன வாரம் "நான் இல்லேன்னா உங்களுக்குக் கடன் தொல்லை இருக்காது" என்றார்.
– பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, நீங்கள் கடைசியில் எழுதியதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. அதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் இல்லாத நேரம் பார்த்து, இன்றைக்கே, "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், வராது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் காத்திருக்கிறார்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ வீட்டில் இருந்தால் இருட்டுவதற்குள் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். செத்துவிடலாம் என்கிற அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டக் கூடாது. "ஆமாம்" என்றால் தனியே விடாமல் அன்றே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடுராத்திரியானால் 14416. அரசின் டெலி மனஸ் மனநலத் தொலைபேசிச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்து மாத்திரை. நான் ஆலோசகர்தான், மாத்திரை எழுதுபவள் இல்லை. ஆனால் இந்தப் பழகிப்போகிற பயத்தை வாரா வாரம் கேட்கிறேன். தூக்க மாத்திரையைப் பற்றி ஊரில் சொல்வதை எல்லா மாத்திரை மேலும் ஏற்றிவிடுகிறார்கள். மனச்சோர்வு மாத்திரை அப்படி அடிமைப்படுத்துவதில்லை. பலன் தெரியவே இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், சீக்கிரம் விட்டால் திரும்பி வரும் என்பதால்தான். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரலாம். அதைத்தான் பலர் "பழகிப் போச்சு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீதி இருப்பதை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அதே டாக்டரிடம் போய், நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சாராயம் பழக்கம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஹெத்தையம்மனிடம் போகட்டும், நானும் வேண்டிக்கொள்கிறேன். டாக்டர் சொல்கிற மாத்திரையும் கூடவே தொடரட்டும்.

விலை ஏறட்டும், நல்லதுதான். ஆனால் கடன் கவலையில் தொடங்கினாலும், இந்த அளவுக்கு முற்றிய பிறகு விலையோடு சேர்ந்து இது தானாக இறங்காது. "எழுந்து தோட்டத்துக்குப் போங்க" என்று காலையில் விரட்டாதீர்கள். இந்த நோயில் பலருக்குக் காலைதான் மோசமான நேரம், சாயங்காலம் கொஞ்சம் தெளிவார்கள். அப்போது கூப்பிடுங்கள். முழுத் தோட்டம் வேண்டாம், ஒரே ஒரு வரிசைக்குக் கத்திரி பிடிக்கட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். "மனசு வரல" என்பார். மனசு வந்தபின் வேலை என்று காத்திருந்தால் வராது. கை அசைந்த பிறகுதான் மனசு மெல்ல வரும். எங்கள் சிகிச்சையில் இது ஒரு முக்கியமான வழி. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டாலும் குறை சொல்ல வேண்டாம்.

கேள்வி: கூடலூரில் ஜூன் மழை பிடித்தாலே மனசு இருண்டுவிடுகிறது. இது நோயா?
– கல்லூரி மாணவர்

பதில்: வாரக்கணக்கில் வெயிலைப் பார்க்காவிட்டால் யாருக்கும் அப்படித்தான் தம்பி, எனக்கும்தான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி அந்த இருட்டு நீடித்து, பிடித்த விஷயங்களும் ருசிக்காமல், தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டால் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். சோர்வோடு எடையும் ஏறி, குளிரும் தாங்கவில்லை என்றால் (மலையில் யாருக்குத்தான் குளிர் தாங்குகிறது!) தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.