மோதிரம் கழன்று விழும் இடங்கள்

கேள்வி: லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். அறுபதாவது பிறந்தநாளுக்கு மகன் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தந்தான். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் சவுத்எண்ட் கடற்கரைக்குப் போகிறேன். சில்லறைக் காசுதான் கிடைக்கிறது. கேன் மூடி வளையமும் அலுமினியத் தாளும் தொல்லை கொடுத்ததால் அவற்றுக்குச் சத்தம் வராதபடி கருவியை மாற்றி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு மோதிரம்கூட அகப்படவில்லை. எந்த மாதிரி இடத்தில் தேட வேண்டும்? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வான்ஸ்டெட் பிளாட்ஸ் புல்வெளியில் தேடலாமா?

பதில்: மூன்று மாதத்தில் மோதிரம் கிடைக்காததில் ஆச்சரியம் இல்லை. எனக்கு முதல் மோதிரம் கிடைக்க எட்டு மாதம் ஆனது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததும் நெஞ்சு பதைத்தது. இந்த மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு மோதிரங்களைத் தாண்டியே நீங்கள் நடந்திருக்கலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இடத்தைப் பார்ப்போம்.

காசு பையிலிருந்து எங்கே வேண்டுமானாலும் விழும். மோதிரம் அப்படி இல்லை. விரல் குளிரில் சுருங்க வேண்டும், சோப்போ கிரீமோ பட்டு வழுக்க வேண்டும், கையை வேகமாக வீச வேண்டும், இல்லையென்றால் நாமே கழற்றி எங்காவது வைக்க வேண்டும். மோதிரம் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் ஓர் இடத்துக்குப் போனதும் கருவியை இயக்காதீர்கள். கொஞ்ச நேரம் நின்று, இங்கே வருகிறவர்கள் கையால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

கடற்கரையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தென் இங்கிலாந்தில் நல்ல கோடையிலும் கடல்நீர் 16 முதல் 18 டிகிரிதான் இருக்கும். வெயிலில் விரலை இறுக்கிப் பிடித்திருந்த மோதிரம், இருபது நிமிடம் தண்ணீரில் நின்றால் லூசாகிவிடும். அந்தக் கையால் அப்பா குழந்தையைத் தூக்கி அலையில் போட்டுப் பிடிக்கிறார், பிள்ளைகள் பந்து எறிகிறார்கள். எனவே இடுப்பளவு ஆழம் இருந்த கோடு உங்களுக்கு முக்கியம். உயிர்காப்பாளர்கள் காவல் இருக்கும் கடற்கரைகளில் சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள், அவற்றுக்கு இடையில்தான் குளிக்கச் சொல்வார்கள். கோடையில் அந்தக் கொடிகள் எங்கே நிற்கின்றன என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் கூட்டம் இல்லாதபோது அதே துண்டு மணலில் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து இறங்குங்கள்.

இரண்டாவது கோடு மேலே, காய்ந்த மணலில். துண்டு விரித்து உட்காரும் வரிசை அது. சன் கிரீம் தடவுவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி, செருப்புக்குள்ளோ துண்டின் மடிப்பிலோ வைப்பார்கள். மாலையில் மழை தூறும், அவசரமாகத் துண்டை எடுத்து உதறுவார்கள். அவ்வளவுதான். இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கும் மணலில் மக்கள் நடந்து போவதோடு சரி. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் அதிக நேரத்தைச் செலவிடுகிறார்கள். குறுக்கும் நெடுக்குமாக அலையாமல் கரையை ஒட்டி, ஒரே கோட்டில் மெதுவாகப் போங்கள்.

ஈர மணலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 22 கேரட் தங்கம் தண்ணீரைப் போலப் பதினேழு மடங்குக்கும் மேல் கனம். மணல் இரண்டரை மடங்கைச் சற்றுத் தாண்டும். அலை மணலைக் கலக்கக் கலக்க, மணல் மேலே எழும்பும், மோதிரம் கீழே இறங்கிக்கொண்டே போகும். களிமண்ணோ சிப்பிப் படுகையோ கூழாங்கல்லோ தடுக்கும் இடத்தில்தான் அது நிற்கும். அதற்கு மேலே இரண்டு அடி மணல் மூடியிருந்தால் உங்கள் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மோதிரத்தை ஏழெட்டு அங்குல ஆழத்தில் பிடித்தாலே நல்ல கருவி என்பேன். ஆகவே நமக்காக மணலை அள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும். அந்த ஆள் புயல். பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் போய்ப் பாருங்கள், சில இடங்களில் மணல் படிக்கட்டுபோல அறுந்து நிற்கும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மரத்தடுப்புகளில் ஒரு பக்கம் மணல் குவிந்திருக்கும், மறுபக்கம் பள்ளமாக அரித்திருக்கும். பள்ளத்தில் தேடுங்கள்.

அங்கே ஓர் அடையாளம் சொல்கிறேன். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடைக்க ஆரம்பித்தால், அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். கனமான பொருள்களை எல்லாம் கடல் ஒரே வரிசையில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று அர்த்தம். ஈயம் கிடக்கும் இடத்தில் தங்கமும் கிடக்கலாம். புதியவர்கள் ஈயத்தைப் பார்த்ததும் குப்பை என்று சலித்துக்கொண்டு இடம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், கஷ்டமாக இருக்கும்.

நாள் பார்ப்பதற்கு நம் வீட்டுக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் கடல் அதிகமாக உள்வாங்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி இன்னும் தூரம் வற்றும். வற்றி முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய், தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அதோடு இறங்குங்கள். திரும்ப ஏற ஆரம்பித்ததும் நீங்களும் ஏறிவிடுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். சவுத்எண்டில் கடல் ஒரு மைலுக்கு மேல் உள்வாங்கும், அந்தச் சேற்றில் கால் புதைந்தால் எடுப்பது கடினம், தண்ணீர் பின்பக்கமாகச் சுற்றி வந்து வழியை அடைத்துவிடும். 2004 பிப்ரவரியில் வடமேற்கே மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர், ஏறிவந்த தண்ணீரில் ஓர் இரவில் மாண்டார்கள். எந்த மோதிரமும் அதற்கு ஈடாகாது. அன்றைக்குக் கடல் ஏறி வற்றும் ஓத நேரத்தைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கருவிக்கு வருகிறேன்.

கருவியின் அடியில் இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து போகும் காந்தப்புலம் உலோகத்தில் சிறு மின்னோட்டத்தைச் சுழல வைக்கும். அந்த மின்னோட்டத்தின் எதிரொலியைத்தான் கருவி எண்ணாகவும் ஒலியாகவும் காட்டுகிறது. அதற்குத் தங்கம் என்று ஒன்று தெரியாது. பொருளின் அளவையும் மின்கடத்தும் திறனையும் சேர்த்துப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்லும். மெல்லிய தங்க மோதிரத்துக்கு வரும் எண்ணும் அலுமினியத் தாளுக்கு வரும் எண்ணும் பெரும்பாலும் ஒன்றே. கொஞ்சம் தடித்த மோதிரம் என்றால் கேன் வளையத்தின் எண். நீங்கள் அந்த இரண்டையும் ஊமையாக்கியபோது தங்கத்தையும் சேர்த்தே ஊமையாக்கிவிட்டீர்கள். காசு மட்டும் கிடைப்பதற்கு இதுதான் காரணம். இன்றைக்கே அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள். இரும்பை வேண்டுமானால் விலக்கிக்கொள்ளலாம். மற்ற எல்லாவற்றையும் தோண்டுங்கள். பை நிறையக் கேன் வளையம் சேரும், சேரட்டும். வீட்டுக்குப் போகும் வழியில் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டால் கடற்கரையும் சுத்தமாகும்.

பழகிக்கொள்ள ஒரு வழி. உங்கள் கையில் இருக்கும் மோதிரத்தில் ஒரு முழம் சிவப்பு நூலைக் கட்டுங்கள். தோட்டத்தில் நான்கு விரல் ஆழத்தில் புதைத்து, நூலின் மறுமுனையை ஒரு குச்சியில் கட்டி வையுங்கள். கட்டாமல் புதைத்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. பக்கத்தில் ஒரு கேன் வளையத்தையும் கசக்கிய அலுமினியத் தாளையும் புதையுங்கள். மூன்றின் மேலும் சுருளை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கேளுங்கள். மூடிய வட்டமான மோதிரம் எந்தப் பக்கத்திலிருந்து ஆட்டினாலும் ஒரே எண்ணில், வழுவழுப்பாக ஒலிக்கும். கசங்கிய தாளின் எண் திசைக்கு ஒன்றாகத் தாவும். இந்த வித்தியாசம் எப்போதும் கைகொடுக்காது, ஆனாலும் காது பழகும்.

நம்மவர்களுக்காக ஒரு விஷயம். தாலிக்கொடி, மெல்லிய சங்கிலி போன்றவற்றைக் கருவி சரியாகப் பிடிக்காது. எட்டுப் பவுன் கொடியாக இருந்தாலும் கருவிக்கு அது தனித்தனிச் சின்ன வளையங்கள்தான். கொக்கியோ தாலியோ குண்டோ இருந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் சன்னமாக ஒரு சத்தம் வரும். யாராவது சங்கிலியைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட்டால் சுருளைத் தரையோடு தேய்ப்பதுபோல, மிக மெதுவாக நகர்த்துங்கள். இன்னொன்று, உப்பு ஈர மணலில் ஒற்றை அலைவரிசைக் கருவிகள் காரணமே இல்லாமல் கத்தும். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் ஈர மணலில் உணர்திறனைக் குறைத்து வையுங்கள், அல்லது காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல அலைவரிசைக் கருவியில் இந்தத் தொல்லை குறைவு.

கடலைவிட்டு வெளியே என்றால் பனிச்சறுக்குக் குன்றுகளைச் சொல்வேன். பனி பெய்த அன்று ஊரே திரளும், கையுறையை இழுத்துக் கழற்றும்போது மோதிரமும் கூடவே வரும். பனி உருகியதும் குன்றின் அடிவாரத்தில் தேட வேண்டும். காரில் கொண்டுவந்து பழைய பொருள்களை விற்கும் கார் பூட் சேல் நடக்கும் வயல்கள், கைப்பந்து ஆடும் புல்வெளி, பிக்னிக் மேசையின் சுற்றுப்புறம் எல்லாம் நல்ல இடங்கள். பழைய வீட்டுத் தோட்டம் என்றால் நான் முதலில் போவது துணி உலர்த்தும் கொடியின் கீழே. சோப்பும் ஈரமும் பட்ட கையால் போர்வையை உதறியிருப்பார்கள். அப்புறம் எருக்குழி. சுவீடனில் ஒரு பெண் 1995-ல் கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யும்போது கழற்றி வைத்த மோதிரம் காணாமல் போனது. வீட்டையே புரட்டிப்போட்டும் கிடைக்கவில்லை. 2011-ல் அவர் தோட்டத்தில் பிடுங்கிய ஒரு கேரட்டின் இடுப்பில் அது மாட்டியிருந்தது. காய்கறித் தோலோடு எருவுக்குப் போயிருக்கும் என்று அந்தக் குடும்பம் நினைத்தது.

வான்ஸ்டெட் பிளாட்ஸ் வேண்டாம். அது எப்பிங் வனத்தைச் சேர்ந்தது, அங்கே டிடெக்டருக்கு அனுமதி கிடையாது. அரச பூங்காக்களிலும் கிடையாது. தேம்ஸ் நதிக்கரையில் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெறும் கண்ணால் தேடுவதுகூடத் தவறு. உள்ளூர்ப் பூங்கா என்றால் கவுன்சிலிடமும், வயல் என்றால் விவசாயியிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முடியாட்சிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் கிரௌன் எஸ்டேட்டின் கீழ் உள்ள அலைவாய்க்கரையில் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் இங்கிலாந்தின் கரை முழுவதும் அவர்களுடையது அல்ல. சவுத்எண்ட் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது. குண்டுபோல ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் விலகி, 999-க்கு அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள். போர்க்கால வெடிபொருள்கள் இந்தக் கரைகளில் இன்னும் கிடைக்கின்றன.

கிடைத்தது யாருடையது என்பதையும் சொல்ல வேண்டும். முன்னூறு ஆண்டுக்கு மேல் பழைய, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள மோதிரம் என்றால் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். நேற்றோ பத்து வருடத்துக்கு முன்போ தொலைந்த மோதிரம் அதைத் தொலைத்தவருடையதுதான். சொந்தக்காரரைத் தேட முயலாமல் வைத்துக்கொண்டால் இந்நாட்டுச் சட்டத்தில் அது திருட்டாகலாம். உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். 375 என்றால் 9 கேரட், 750 என்றால் 18, 916 என்றால் 22. நங்கூரம் பர்மிங்காமையும் சிறுத்தைத் தலை லண்டனையும் குறிக்கும். இந்திய நகையில் முக்கோண முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருந்தால் அதை வைத்து முத்திரையிட்ட விவரத்தைத் தேடலாம். ஊர் முகநூல் குழுவில் பதிவிடும்போது படத்தைப் போடாதீர்கள், உள்ளே எழுதியிருப்பதைச் சொல்லாதீர்கள். கேட்டு வருகிறவர் சொல்லட்டும்.

போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஒரு தமிழ்க் குடும்பம் என்னைக் கூப்பிட்டது. கணவருக்கு மாமனார் போட்ட நெளி மோதிரம், குழந்தையைத் தூக்கி விளையாடியபோது கடலில் போய்விட்டது. எந்த இடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையில் கை காட்டினார்கள். அன்று எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மாவின் போனில் ஒன்று இருந்தது. குழந்தை அந்தரத்தில், அதன் வலது கால் பக்கம் மரத்தடுப்பின் முனை, பின்னால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம். தடுப்பின் முனையும் கட்டடமும் படத்தில் இருப்பதுபோல நேராக வரும்வரை வற்றிய மணலில் நான் நகர்ந்து நகர்ந்து போய் நின்றேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் வற்றியபோது, அதே கோட்டில் நான்கடி தள்ளி, கேன் வளையத்தின் எண்ணில் ஒரு சத்தம். இரண்டாவது தோண்டலில் வந்தது. நெளிவுகளில் எல்லாம் சாம்பல் நிற மணல் இறுகியிருந்தது. அதைக் கழுவாமல் அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

உங்களிடம் யாராவது உதவி கேட்டு வந்தால், நீங்களும் முதலில் போட்டோவைக் கேளுங்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு நகருங்கள், குழந்தைகள் ஓடும் இடம். அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் சவுத்எண்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.