சாப்பிட்ட கையோடு கக்கூஸுக்கு ஓடவேண்டியிருக்கிறது, சாப்பிட்டது அப்படியே வெளியே போய்விடுகிறதா?

காலையில் நாலு இட்லி சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றைக் கலக்குகிறது, கால்மணி நேரத்துக்குள் போயாக வேண்டியிருக்கிறது, "தின்னது எதுவும் உடம்பில் ஒட்டாமல் அப்படியே போய்விடுகிறது, அதனால்தான் ஒல்லியாக இருக்கிறாய்" என்று அம்மா சொல்கிறார், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. நீங்கள் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த இட்லியில் பெரும்பகுதி இன்னும் இரைப்பையில்தான் கிடக்கிறது. வெளியே வந்தது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டதன் மிச்சம். அதிலும் பாதிக்கு மேல் சாப்பாடே கிடையாது, அதைக் கீழே சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை, நர்சிங் மாணவிகளுக்கு உடலியல் பாடம் எடுக்கிறவள். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பழக்கம். வகுப்பில் யாரும் கேட்கமாட்டார்கள், மணி அடித்து எல்லோரும் போனபிறகு யாராவது ஒரு பெண் வந்து "மேடம், எங்க அண்ணனுக்கு இப்படி இருக்கு" என்று ஆரம்பிப்பாள். எப்போதும் அண்ணனுக்குத்தான்.

நடப்பது இதுதான். இரைப்பை சாப்பாட்டால் நிரம்பி விரிந்ததும் அந்தச் செய்தி நரம்புகள் வழியாகவும் ஹார்மோன்கள் வழியாகவும் பெருங்குடலுக்குப் போகிறது, பெருங்குடல் பலமாகச் சுருங்கி ஏற்கெனவே தன்னிடம் இருப்பதை மலக்குடலை நோக்கித் தள்ளுகிறது. மேலே புதுச் சரக்கு வருகிறது, கீழே இடம் காலியாகிறது. எல்லோருக்கும் இருக்கிற அனிச்சைச் செயல்தான், காலை நேரத்தில் வலுவாக இருக்கும், பலருக்கு ஒரு டம்ளர் காபியே போதும். சிலருக்குக் கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும், உங்களுக்கு அப்படி. கைக்குழந்தைகளைப் பாருங்கள், பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விடுவார்கள், அதுவும் இதேதான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் ஸ்வீட் கார்ன் பக்கம் போகாமல் இருந்துவிட்டு, ஒருநாள் இரவு ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள். அதன் மேல்தோல் செல்லுலோஸ், மனிதனால் செரிக்கமுடியாது, முத்து முத்தாகத் தெரியும். எப்போது தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் எங்காவது விழும், ஒரே ஆளுக்கே ஒவ்வொரு தடவையும் மாறும்.

அவ்வளவு நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால், வாயும் உணவுக்குழாயும் கணக்கிலேயே வராது. விழுங்கிய கவளம் சுமார் 10 விநாடியில் இரைப்பைக்குப் போய்விடும், தலைகீழாகத் தொங்கினாலும் போகும், ஏனென்றால் அதை இறக்குவது புவியீர்ப்பு இல்லை, தசைகள் வரிசையாகச் சுருங்கித் தள்ளுவதுதான்.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் சேர்ந்து பிசைந்து கூழாக்குகின்றன. வெறும் தண்ணீர் சீக்கிரம் கடந்துவிடும், திடமான ஒரு சாப்பாடு முழுவதும் இறங்க 2 முதல் 4 மணி நேரம், எண்ணெய் மிதக்கும் சால்னாவில் ஊறிய பரோட்டா என்றால் அதற்கும் மேலே, கொழுப்பு வந்தாலே சிறுகுடல் இரைப்பைக்கு "மெதுவாக அனுப்பு" என்று சொல்லிவிடும். இரைப்பையின் கீழ்வாசல் ஓரிரண்டு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடிந்த துகள்களைத்தான் வழக்கமாக விடும். நாலு இட்லி கால்மணி நேரத்தில் அந்த வாசலைத் தாண்டி, ஆறேழு மீட்டர் குடலையும் கடந்து வெளியே வர வழியே இல்லை.

இரைப்பைக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்து எழுதிவைத்த கதையை மாணவிகளுக்குச் சொல்லாமல் விடமாட்டேன். 1822-இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாக்காரர், விலங்குகளின் ரோமத்தோலை விற்கும் கம்பெனியின் கூலியாள், கிட்டத்தில் வெடித்த துப்பாக்கியால் வயிற்றில் சுடப்பட்டார். பிழைக்கமாட்டார் என்று நினைத்தார்கள், பிழைத்துவிட்டார், ஆனால் காயம் மூடவில்லை, இரைப்பைக்குள் திறக்கும் ஒரு ஓட்டையாகவே நின்றுவிட்டது. சிகிச்சை கொடுத்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அந்த ஓட்டை வழியாகப் பட்டுநூலில் இறைச்சித் துண்டையும் ரொட்டியையும் கட்டி உள்ளே விட்டு, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று வருடக்கணக்கில் குறித்துவைத்தார். இரைப்பை நீரை எடுத்துப் புட்டியில் ஊற்றி உடல் சூட்டில் வைத்தால் அங்கேயும் இறைச்சி கரைகிறது, ஆகவே செரிமானம் வெறும் அரைப்பு வேலை இல்லை, ரசாயன வேலை என்று 1833-இல் புத்தகமாகப் போட்டார். செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தால் செரிமானம் கெட்டதையும் கவனித்திருக்கிறார். நூலில் கட்டிய கறியை வயிற்றுக்குள் விட்டு விட்டு எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது! 1880-இல் செயின்ட் மார்ட்டின் இறந்தபோது மருத்துவர்கள் உடலைக் கேட்டுவிடக்கூடாது என்று குடும்பத்தார் அது கெட்டுப்போகும்வரை வைத்திருந்து பிறகுதான் புதைத்தார்களாம்.

சரி, சிறுகுடலுக்கு வருவோம். உண்மையான வேலை இங்கேதான். கணைய நீர் வந்து அமிலத்தை முறித்து மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிறது, பித்தம் கொழுப்பைச் சிறுசிறு துளியாகச் சிதறடிக்கிறது, குடல் சுவரில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்விரல்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த உட்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும், நானும் அப்படித்தான் படித்தேன். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்தபோது சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது, நம் கணக்கில் 320 சதுர அடி. அதுவே பெரிய விஷயம்தான்.

இன்னொரு கணக்கு பலருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு நாம் குடிப்பதும் சாப்பாட்டில் இருப்பதுமாக உள்ளே போகும் நீர் சுமார் 2 லிட்டர். ஆனால் எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே குடலுக்குள் ஊற்றுவது சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடலும் மீதியைப் பெருங்குடலும் திரும்ப எடுத்துக்கொள்ள, மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். பேதியாகும்போது ஒரே நாளில் கண்ணெல்லாம் உள்ளே போய் ஆள் சுருண்டுவிடுவது இதனால்தான், குடித்த தண்ணீர் மட்டுமில்லை, உடம்பு தன் கையிலிருந்து கடனாகக் கொடுத்த தண்ணீரும் திரும்பி வராமல் போகிறது. காலராவில் குடல் உப்பையும் நீரையும் கொட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் வழி மட்டும் கெடாமல் இருக்கும், அவை போகும்போது நீரும் கூடப் போகும். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முகாமில் சாவு 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. மருந்துக்கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டின் அடிப்படை இதுதான். அதனால் பேதியாகிற குழந்தைக்கு வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்காதீர்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து கொடுங்கள்.

சிறுகுடலை 3 முதல் 6 மணி நேரத்தில் தாண்டியபிறகு மிச்சம் பெருங்குடலுக்குள் போகிறது. நீளம் ஒன்றரை மீட்டர்தான், ஆனால் ஒரு நாள், ஒன்றரை நாள் என்று அங்கேதான் கிடக்கும். நம்மால் செரிக்கமுடியாத நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சாப்பிடும், அவை விடும் பியூட்டிரிக் அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்குச் சாப்பாடு. கூடவே வாயுவும் வரும், பருப்பும் பயறும் சாப்பிட்ட நாளில் கூடுதலாக வரும், அவற்றில் இருக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரையை உடைக்கும் நொதி நமக்குக் கிடையாது. வாயுவில் பெரும்பகுதிக்கு நாற்றமே இல்லை, கந்தகம் கலந்த கொஞ்சூண்டுதான் பெயரைக் கெடுக்கிறது.

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறேன். மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மீதிக் கால் பங்கில், உலர்ந்த எடையில், நாலில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை பாக்டீரியாக்களே, உயிரோடும் செத்தும். அப்புறம் உதிர்ந்த குடல் செல்கள், கொஞ்சம் கொழுப்பு, உப்புகள், நார். இட்லியின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே ரத்தத்துக்குப் போய்விட்டது. பழுப்பு நிறம்கூடச் சாப்பாட்டின் நிறம் இல்லை: 120 நாள் வாழ்ந்து முடித்த சிவப்பணுக்களை உடம்பு உடைக்கும்போது வரும் பிலிருபின் பித்தத்தோடு குடலுக்கு வந்து, பாக்டீரியா கைபட்டு அப்படி மாறுகிறது. கேரட் சாப்பிட்டாலும் கீரை சாப்பிட்டாலும் நிறம் பெரிதாக மாறாததற்கு இதுதான் காரணம் (பீட்ரூட் விதிவிலக்கு, பார்த்துப் பயந்து ஓடாதீர்கள்).

கறாராகச் சொன்னால், மலத்தில் பெரும்பகுதி உடம்பின் கழிவு என்றே சொல்லமுடியாது. குடல் வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் ஒரே குழாய், அதற்குள் இருப்பது இன்னும் உடம்புக்குள் நுழையவில்லை. மெதுவடையின் ஓட்டையில் விரலை விட்டால் விரல் வடைக்குள் இருக்கிறது என்று சொல்வோமா? செல்கள் வேலை செய்து உண்டாக்கும் கழிவு வேறு வழியில் போகிறது. புரதம் உடைந்து வரும் அமோனியாவைக் கல்லீரல் யூரியாவாக்கி அனுப்ப, சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அநேகமாக முழுவதையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலச் சிறுநீராக விடுகின்றன. இட்லியின் மாவுச்சத்தில் இருந்த கார்பன்? அது எரிந்து கார்பன் டை ஆக்ஸைடாக மூக்கு வழியாகப் போகிறது. உங்கள் நாலு இட்லியில் தண்ணீர் போக மீதியில் அதிகப் பங்கு வெளியேறுவது மூச்சில்தான்.

வெளியேறும் இடத்தில் இரண்டு வாசல்கள். உள்வாசல் தசை நம் பேச்சைக் கேட்காது, மலக்குடல் விரிந்ததும் தானாகத் தளரும். வெளிவாசல் தசை நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதனால்தான் பஸ்ஸில் போகும்போது அடக்கமுடிகிறது. அடக்கினால் அந்த உணர்வு அடங்கிவிடும், சரக்கு அங்கேயே நிற்கும், பெருங்குடல் அதிலிருந்து இன்னும் தண்ணீரை எடுத்துக் கெட்டியாக்கும். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சரியில்லை என்று நாள்முழுக்க அடக்கிவைக்கும் பெண்பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குந்தி உட்கார்ந்தால் மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை நன்றாகத் தளர்ந்து பாதை நேராகும், வெஸ்டர்ன் டாய்லெட்காரர்கள் காலடியில் ஒரு குட்டி ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம்.

அம்மா அடுத்து விளக்கெண்ணெயோடு வருவார் என்று நினைக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். குடல் சுவரில் வருடக்கணக்கான அழுக்கு ஒட்டிக்கிடக்கிறது, அதைக் கழுவ வேண்டும் என்று பேசுவதும், அதற்குப் பவுடர் விற்பதும் பெரிய வியாபாரம். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது, அதில் எதுவும் வருடக்கணக்கில் ஒட்டியிருக்கமுடியாது. விளக்கெண்ணெயின் ரிசினோலிக் அமிலம் குடல் தசையைத் தூண்டிச் சுருங்கவைக்கிறது, அவ்வளவுதான், போவது உங்கள் தண்ணீரும் உப்பும். நாள்பட்ட மலச்சிக்கலுக்கு மருத்துவர் மருந்து கொடுத்தால் அது வேறு.

உங்கள் விஷயத்தில், எடை குறையாமல் நிலையாக இருந்து, மலம் ஓரளவு உருவத்தோடு வந்து, காலையில் ஒருமுறை இரண்டுமுறையோடு நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒல்லியாக இருப்பது வேறு கணக்கு, எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு அலைகிறீர்கள் என்று பார்க்கவேண்டும். சாப்பாடு உண்மையிலேயே ஒட்டாமல் போனால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும்: மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும், கடுமையாக நாறும், எடை இறங்கிக்கொண்டே போகும். ரத்தம் தெரிந்தாலோ, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாமலே தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, சுண்ணாம்பு நிறத்தில் போனாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டுப் போகவைத்தாலோ, பல வருடப் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடித்தாலோ, இந்த மாதிரித் தளங்களில் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது வெட்கப்படாமல் நிறம், பதம், எத்தனை தடவை என்று மூன்றையும் சொல்லுங்கள், அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.